அறைக்கு வெளியே ஒரு சுவிட்ச்

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் போய் "டீச்சர்" என்று சொன்னால், எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வயரிங் டீச்சர் பிரமநாயகியைத்தான் சொல்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயது. தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஏழு வருஷம் பாடம் எடுத்துவிட்டு, ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டவர். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் அது வாயிலிருந்துதான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

டீச்சருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் ஆவுடையப்பன், வயது ஐம்பத்தொன்று. சிரிக்காதீர்கள். சீடன் என்றால் அரும்பு மீசையோடுதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

ஆவுடையப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. வளைகுடாவில் பத்தொன்பது வருஷம், நாற்பது மாடிக் கட்டடங்களுக்கு வயர் இழுத்தவர். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சினன் சிதம்பரத்தின் புது வீட்டுக்கு விளக்குப் போட்டார். அறுபத்து மூன்று விளக்கு. ஹாலில் மட்டும் இருபத்து நான்கு சுவிட்ச். குடிபோய் மூன்று மாதம் கழித்தும் சிதம்பரம் ஃபேன் போட ஏழு சுவிட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டினான். ஊர் அதைப் பார்த்துச் சிரியோ சிரியென்று சிரித்தது.

"அண்ணாச்சி, ஒங்க மச்சினன் வீட்டுல பாத்ரூம் லைட்டு எத்தனாவது பட்டன்?" என்று டீக்கடையில் நின்று கேட்டார்கள்.

வருவதாக இருந்த இரண்டு வீட்டு வேலையும் அதோடு போயிற்று. மனுஷன் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள் டூல் பையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எனக்கு வேலை தெரியும் டீச்சர். வீடுதான் தெரியல" என்றார்.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த வயரிங் பைப் கட்டைக் காட்டினார். ஆவுடையப்பன் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒன்றரை வருஷமாக டீச்சர் போகிற வீட்டுக்கெல்லாம் பின்னாலேயே போகிறார்.

ஒரு திங்கட்கிழமை, ஊருக்கு வெளியே செங்கல் சுவரோடு நின்ற ஒரு வீட்டுக்குள் அவரைக் கூட்டிப் போனார் டீச்சர். கூரை போட்டாகிவிட்டது, பூச்சு வேலை பாக்கி.

"இந்த வீட்டு வயரிங்க நீங்களே போடுங்க அண்ணாச்சி. நான் கை வைக்க மாட்டேன்."

ஆவுடையப்பன் டூல் பையைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழம காலையில பூச ஆரம்பிச்சிருவாங்க. அதுக்குள்ள பைப்பெல்லாம் சுவத்துக்குள்ள போயிரணும். சரியா வந்தா அடுத்த வீட்டுக்கு ஒங்க பேர்லயே போங்க."

"வரலைன்னா டீச்சர்?"

"இன்னும் ஒரு வருஷம் என் பின்னால வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் பெயர் செல்வின், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். மனைவி ரூபாவதி, அரசு அலுவலகத்தில் தட்டச்சர். இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சு முழுக்கக் கையில்தான். கைப்பேச்சு தெரியாதவர்களோடு பேச வேண்டுமென்றால் போனில் தட்டிக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் கையில் கிடைத்ததில் எழுதுவார்கள்.

'காதுதான கேக்காது? கண்ணு நல்லாத்தான தெரியுது. லைட்டுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைத்துக்கொண்டார் ஆவுடையப்பன். பாவம், நல்ல மனுஷன்தான்.

அன்றைக்கே உட்கார்ந்து பிளான் போட்டார். இந்தத் தடவை அடக்கமாக நாற்பத்தொரு விளக்கோடு நிறுத்திக்கொண்டார். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருந்து மங்கலாக வழியும் வெளிச்சம். படுக்கையறையில் தலைமாட்டுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. சுவிட்ச் எல்லாம் கதவைத் திறந்ததும் உள்ளே, தரையிலிருந்து நாலரை அடி. ஒரு குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலை செங்கல் அடுக்கின் மேல் பிளானை விரித்துக் காட்டினார். செல்வின் கட்டை விரலைத் தூக்கினார். ரூபாவதி நிதானமாக ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, பூசாத சுவரில் எழுதினார்.

"அழகாக இருக்கிறது. நாங்கள் எங்கே பேசுவது?"

ஆவுடையப்பன் சாக்பீஸை வாங்கிக் கீழே எழுதினார். "எங்கே வேண்டுமானாலும் பேசலாம்!"

ரூபாவதி அவரைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை ஏதோ உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு பிளானை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

"டீச்சர், அந்த அம்மா எங்க பேசுறதுன்னு கேக்காவ. ஹால்ல பேசட்டும், ரூம்ல பேசட்டும், யாரு வேண்டாம்னா? பேசுறதுக்குத் தனியா ஒரு ரூமா கட்ட முடியும்?"

டீச்சர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

டீக்கடைக்குப் போகவில்லை. செல்வின் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் போய் நின்றது வண்டி. மணி ஆறே முக்கால் இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே, கடைசி அறையில், செல்வின் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போய்க் கூப்பிடுங்க" என்றார் டீச்சர்.

"எப்பிடி டீச்சர்?"

டீச்சர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

ஆவுடையப்பன் வாசலில் நின்று கையைக் காட்டினார். முதுகுக்குக் கை காட்டி என்ன பிரயோசனம்? காலால் தரையை ஓங்கி மிதித்தார். சிமெண்டுத் தரை, அவருக்குத்தான் கால் வலித்தது. வேறு வழியில்லாமல் பூனை மாதிரி உள்ளே போய்த் தோளைத் தொட்டார். செல்வின் துள்ளிக் குதித்ததில் இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். ஆவுடையப்பன் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

செல்வின் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தார். ஜன்னல் விளிம்பில் இருந்த ஒரு துணிப் பந்தை எடுத்துக் காட்டினார். இந்த வீட்டில் அதை எறிந்துதான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்களாம்.

ரூபாவதி டீ கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு புருஷன் பக்கம் திரும்பினார். சண்டை ஆரம்பமாயிற்று. வீட்டுப் பிரதிஷ்டைக்கு, அதாவது புது வீடு குடிபோகிற ஜெபத்துக்கு, அறுபது பேரை ரூபாவதியைக் கேட்காமலே கூப்பிட்டுவிட்டிருக்கிறார் செல்வின். டீச்சருக்குக் கைப்பேச்சு கொஞ்சம் தெரியும், ஆவுடையப்பன் காதில் மெதுவாகச் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம். ரூபாவதியின் கை போகிற வேகமும், கண்ணும், புருவமும் பார்த்தால் கல்லுக்கும் விளங்கும். செல்வின் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அந்த அம்மா ஆறு சொன்னார்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

இருட்டு. ஆவுடையப்பன் பத்தொன்பது வருஷம் கரண்டோடு பிழைத்தவர், எத்தனையோ இருட்டைப் பார்த்தவர். ஆனால் ஒரு சண்டை பாதியில் அப்படி அறுந்து விழுவதை அவர் பார்த்ததே இல்லை. ஒரு சத்தம் இல்லை. ரூபாவதி போனைத் தேடி எடுத்து டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டார். ஒரு கையில் டார்ச், மிச்சம் இருந்த ஒரு கையில் பாதிப் பேச்சு. சொல்ல வந்தது வராமல் அவர் முகம் தவித்தது. சட்டென்று டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். நாலு பேரும் இருட்டில் சும்மா இருந்தார்கள்.

கரண்ட் வந்தது. ரூபாவதி எழுந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். ஒரு சொல் சிந்தவில்லை. செல்வின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சரின் வண்டியிலேயே திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கினதும் ஆவுடையப்பன் சொன்னார்.

"அந்தப் பிளானக் கிழிச்சுப் போட்டுருதேன் டீச்சர்."

"எதுக்குக் கிழிக்கணும்? பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு" என்றார் டீச்சர்.

புதன்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பன் புது வீட்டுக்கு வந்தபோது கையில் பிளான் இல்லை. இரண்டு ஹோல்டர், இரண்டு பல்பு, முனையில் சுவிட்ச் வைத்த நாற்பது அடி வயர். அவ்வளவுதான். செல்வினையும் ரூபாவதியையும் வரச் சொல்லியிருந்தார். டீச்சரும் வந்து ஒரு சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடையப்பன் சுவரில் எழுதினார். "நேற்று விட்ட சண்டையைத் தொடருங்கள்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலில் ஒப்புக்குத்தான் ஆரம்பித்தார்கள். சண்டைக்கு என்ன, கிளறிவிட்டால் போதாதா? மூன்றாவது நிமிஷம் நிஜமாகவே சூடு பிடித்துவிட்டது.

ஆவுடையப்பன் ஒரு பல்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலின் நடுவில், அவர்கள் தலைக்கு நேர் மேலே காட்டினார். எந்த வீட்டிலும் விளக்கு அங்கேதானே தொங்கும்? ரூபாவதி கையை நிறுத்தினார். செல்வினின் கண்ணைக் காட்டினார். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் இரண்டு கண்ணும் குழிக்குள் போய் இருட்டிக் கிடந்தன. எதிராளியின் கண் தெரியாவிட்டால் கோபமா கேலியா என்று எப்படித் தெரியும்?

செல்வினுக்குப் பின்னால் போய்ப் பிடித்தார். செல்வின் முகமே கறுத்துப்போயிற்று, ரூபாவதிக்குக் கண் கூசியது. பக்கவாட்டில் பிடித்தார். அரை முகம் வந்தது. அதை அங்கேயே சுவரில் மாட்டிவிட்டு, இன்னொரு பல்பைச் செல்வின் கையில் கொடுத்து எதிர்ச் சுவரில் பிடிக்கச் சொல்லிவிட்டு, தானே ரூபாவதிக்கு எதிரே போய் நின்று பார்த்தார்.

ரூபாவதியின் முகம் முழுசாக வந்தது. விரல் பத்தும் வந்தது. அவர் ஏதோ சொன்னார். ஆவுடையப்பனுக்குக் கைப்பேச்சில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் அது 'இதுதான், இங்கேதான்' என்று புரிந்துவிட்டது. மனுஷன் குதித்தே விட்டார்!

"டீச்சர், பாத்தீயளா? பாத்தீயளா டீச்சர்?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் பல்பைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு பேர் பின்னால் அறை அறையாக அலைந்தார். சாப்பாட்டு மேசை, படி, வாசல், கட்டில் போடுகிற இடம் என்று ஒன்று விடவில்லை. எங்கே நின்றால் முகம் வருகிறதோ அங்கே சுவரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. கை கடுத்தால் மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார். அவரைக் குறிக்க ரூபாவதி ஒரு சைகையும் கண்டுபிடித்துவிட்டார். உள்ளங்கையில் எதையோ ஏந்தித் தலைக்கு மேல் தூக்கினால், அதுதான் ஆவுடையப்பன்.

அடுப்படிக்கு வந்தார்கள். ரூபாவதி அடுப்பு வரப்போகிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றார். முதுகு ஹாலுக்கு. செல்வின் ஹாலில் நின்று துணிப் பந்தை எறிகிற மாதிரி நடித்தார். பந்து போய்ச் சாம்பாருக்குள் விழுந்தது, சாம்பார் ரூபாவதி முகத்தில் தெறித்தது, அடுத்து நடந்ததையும் ஒளிக்காமல் நடித்துக் காட்டினார். ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நின்றார். அடுப்பு இடத்துக்கு நேர் மேலே பல்பைச் செல்வினைப் பிடிக்கச் சொன்னார். அடுப்படி வாசலுக்கு வெளியே வந்து, வயர் முனையில் இருந்த சுவிட்சைத் தட்டினார். அணைத்தார், போட்டார். அணைத்தார், போட்டார்.

ரூபாவதி திரும்பினார்.

திரும்பி, வாசலுக்கு வெளியே சுவிட்சோடு நின்ற ஆவுடையப்பனைப் பார்த்தார். பிறகு ஓடிவந்து அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, அடுப்படிக்கு வெளியே, படுக்கையறைக்கு வெளியே, குளியலறைக்கு வெளியே, ஒவ்வொரு வாசலுக்கு வெளியேயும் சுவிட்சுக்கு ஒரு கட்டம் போட்டார். நாலரை அடியில் இல்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

"உயரம் குறைவு" என்று எழுதிக் காட்டினார் ஆவுடையப்பன்.

ரூபாவதி இரண்டு கையையும் தூக்கிப் பேசிக்கொண்டே நடந்துவந்தார். வந்தபடியே, பேச்சை நிறுத்தாமல், முழங்கையால் அந்தக் கட்டத்தை ஒரு இடி இடித்துக் காட்டினார்.

ஆவுடையப்பன் தன் நாலரை அடியை அந்த நிமிஷமே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சுவர் வெட்டு ஆரம்பித்தது. எல்லா விளக்கும் பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டர் லைனில், கரண்ட் போனாலும் அணையக் கூடாது. வாசல் பெல்லை அமுக்கினால் எல்லா அறையிலும் விளக்குச் சிமிட்ட வேண்டும். ஒவ்வோர் அறை விளக்குக்கும் உள்ளே ஒரு சுவிட்ச், வெளியே ஒரு சுவிட்ச். விளக்கு மொத்தம் பத்தொன்பது.

அளவு பார்க்க வந்த சங்கிலி என்ற பூச்சு மேஸ்திரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்ன அண்ணாச்சி இது? ரூமு சுவிட்ச வெளியவா வைப்பாங்க? உள்ள படுத்துக் கெடக்கவன இருட்டுல போட்டு வெளயாடவா? அதுவும் இம்புட்டுத் தாழ்வா! ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கா வீடு கட்டுதீய?"

அவனோடு வந்த நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆவுடையப்பனுக்கு ரொம்பப் பழக்கமான சிரிப்பு.

ஹாலில் நின்ற டீச்சரிடம் போனார். "சிரிக்காவ டீச்சர்."

"சரி."

"எல்லாம் சரியாத்தான இருக்கு? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

டீச்சர் கீழே கிடந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சுவரெல்லாம் வெட்டி, பைப் புதைத்து, சுவிட்ச் பெட்டி பதித்தாயிற்று. ஆவுடையப்பன் ஹாலில் நின்று சுற்றிலும் பார்த்தார். சப்பென்று இருந்தது. நாளைக்கு யாராவது வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள்? வளைகுடாவில் பத்தொன்பது வருஷம் இருந்தவன் வேலையா இது என்று கேட்க மாட்டார்களா? சாக்பீஸை எடுத்தார். விட்டத்துக்குக் கீழே, ஹால் நெடுக, மறைவாக ஒரு விளக்கு வரிசைக்குக் கோடு இழுத்தார். நீல வெளிச்சம். சும்மா ஓர் அழகுக்கு.

டீச்சர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கோட்டை அந்தக் கடைசி முதல் இந்தக் கடைசி வரை பார்த்தார்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எனக்குத்தான் டீச்சர்" என்றார்.

ஏணியைச் சாத்தி ஏறி, உள்ளங்கையாலேயே கோட்டை முழுக்கத் துடைத்துவிட்டு இறங்கினார். சனிக்கிழமை காலை சங்கிலியின் ஆட்கள் சுவரைப் பூசினார்கள். அதற்குமேல் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பிரதிஷ்டை. செல்வின் அறுபது பேரைக் கூப்பிட்டார், தொண்ணூறு பேர் வந்தார்கள். நாகர்கோவில், தூத்துக்குடி, மதுரையிலிருந்தெல்லாம் கைப்பேச்சுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். காது கேட்கிற சொந்தக்காரர்களும் ஒரு முப்பது பேர். அவர்களுக்காகப் பந்தலில் மைக் கட்டியிருந்தார்கள்.

ஆவுடையப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து ஹால் மூலையில் நின்றார். இன்றைக்குத்தான் டீச்சர் ஒரு முடிவு சொல்வார். அடுத்த வீடு தன் பேரிலா, இல்லை இன்னும் ஒரு வருஷம் பைப் கட்டா?

போதகர் ஜெபம் பண்ணினார். அவர் பக்கத்தில் நின்று ஒரு பெண் அதைக் கையால் சொன்னாள். ஹாலின் கடைசி வரிசையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை, கழுத்தை நீட்டவில்லை. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து விழுந்தது. விரல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருந்தது.

ஜெபம் முடிந்ததும் வீடு நிறைந்துபோயிற்று. படியில் நாலு பேர் பேச்சு, மாடியிலிருந்து கீழே ஹாலுக்கு ஒரு பேச்சு. சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அடுப்படியில் ரூபாவதி குனிந்து பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே செல்வின் இரண்டு கையிலும் தட்டை அடுக்கிக்கொண்டு வந்து முழங்கையால் சுவிட்சை ஒரு இடி இடித்தார். ரூபாவதி திரும்பினார். அவ்வளவு சுளுவு. வாசலில் யாரோ பெல்லை அமுக்கினார்கள். அத்தனை அறையிலும் வெளிச்சம் ஒரு தடவை சிமிட்டியது, அத்தனை பேரும் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஆனால் ஒருவரும் ஆவுடையப்பனிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ரூபாவதி வந்தார், பிரியாணியைக் காட்டி 'சாப்பிடுங்கள்' என்று சைகை செய்தார், போய்விட்டார். செல்வின் தோளில் தட்டினார், போய்விட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. விளக்கைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மனுஷன் முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று.

வெளியே பந்தலில் செல்வினின் பெரியப்பா மைக்கைப் பிடித்து வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தார். செல்வின் பிறந்ததில் தொடங்கியவர் இன்னும் பள்ளிக்கூடத்தையே தாண்டவில்லை. அப்போது மைக் செத்தது. பந்தல் விளக்கு அணைந்தது. தெரு முழுக்க இருட்டு.

"கரண்ட் போச்சு!" என்று பந்தலில் ஒரே கூச்சல். பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். காது கேட்கிற முப்பது பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆவுடையப்பன் தட்டுத் தடுமாறி வெளியே வந்தார். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் டீச்சர் பிரியாணித் தட்டோடு இருந்தார்.

"டீச்சர்."

"சாப்பிட்டீயளா?"

"ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலையே டீச்சர். நல்லாருக்குன்னும் சொல்லல, நொட்டைன்னும் சொல்லல. நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போலுக்கு."

டீச்சர் கையில் இருந்த கவளத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

"உள்ள பாருங்க" என்றார்.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். இருட்டுத் தெருவில் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் வெளிச்சம். ஜன்னல் ஒவ்வொன்றிலும் கைகள். படியில் இருந்த நாலு பேர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கிழவர் ஏதோ கதை சொல்ல, அவரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சாய்ந்தார்கள். ஒரு தாய் எட்டி நின்றே பிள்ளையை அதட்டினாள், பிள்ளை எதிர்த்துப் பேசியது. ரூபாவதி ஹால் நடுவில் நின்று செல்வினிடம் எதற்கோ புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்திருந்தார்.

"சாயங்காலத்துல இருந்து ஒரு ஆளாவது தலையத் தூக்கி ஒங்க விளக்கப் பாத்தாங்களா?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். "இல்ல டீச்சர்."

"இப்பம் கரண்ட் போனது அவங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா?"

அவர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். மாடியைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார்.

"தெரியாது டீச்சர். ஒருத்தருக்கும் தெரியாது."

டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவ எழுந்தார்.

"அப்பம் நாளையில இருந்து நீங்க என் பின்னால வர வேண்டாம், அண்ணாச்சி."